மூன்று வணக்கங்கள்

நுழையும்முன்

தமிழ்நாட்டில் பாட்டு என்றால் பெரும்பாலும் திரைப்பாட்டுத்தான். படம் வெளிவருகிறது, அதனோடு பாடல் வருகிறது, அடுத்த படம் வந்ததும் பழையது பின்னே தள்ளப்படுகிறது. கதையோ காட்சியோ நடிகரோ துணைநிற்காமல், ஒருவர் தம் குரலை மட்டும் நம்பி வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பு கால் நூற்றாண்டைக் கடந்தும் பாடப்படுவது எவ்வாறு? 1997இல் வெளியான ஏ.ஆர்.ரகுமானின் 'வந்தே மாதரம்' தொகுப்பை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

திரைக்கு வெளியே

திரையைச் சாராத இசைக்குத் தமிழகத்தில் இடமே இல்லாமல் போய்விடவில்லை. இசைத்தட்டுக் காலந்தொட்டே பக்திப் பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைக் கேளாத தெரு அரிது. இலங்கையிலிருந்து வந்த ஏ.ஈ.மனோகரன் 'சுராங்கனி' பாடி மேடைகளைக் குலுக்கினார். 'பாப் பாடகர்' என்னும் சொல்லைத் தமிழர் பலர் முதன்முதலில் அறிந்தது அவர் வழியாகத்தான். 1986இல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' என்னும் கருவியிசைத் தொகுப்பை வெளியிட்டார். எனினும் இவை ஓடையின் கிளைகள், பேராறு திரையிசையே.

தொண்ணூறுகளில் வட இந்தியாவில் நிலை சற்றே மாறியது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது; இசைக்கென்றே தனி அலைவரிசைகள் தோன்றின. பாபா சேகல், அலிஷா சினாய், தலேர் மெஹந்தி முதலியோரின் தனித்தொகுப்புகள் பெருவாரியாக விற்றன. 'இந்திப் பாப்' எனப்பட்ட அந்த அலை எழுந்த வேகத்திலேயே பத்தாண்டுகளுக்குள் தணிந்தும் போனது. அப்பாடல்களுள் பல இன்று நினைவுகூர மட்டுமே படுகின்றன. அதே பத்தாண்டில் பிறந்த 'வந்தே மாதரம்' அவ்வாறு மறையவில்லை.

பின்னணியில் இருந்தவர்

1967ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் பிறந்த ரகுமானின் இயற்பெயர் திலீப்குமார். தந்தை ஆர்.கே.சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் விளங்கியவர். ரகுமான் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது தந்தை மறைந்தார். குடும்பத்தின் சுமை இளந்தோளில் ஏறியது. பள்ளிப் பருவத்திலேயே இசைக்குழுக்களில் விசைப்பலகை வாசிக்கத் தொடங்கினார், எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா உள்ளிட்டோரிடம் பணியாற்றினார், விளம்பரங்களுக்கு இசையமைத்தார். வீட்டை ஒட்டி அவர் அமைத்த 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக்கூடம் பின்னாளில் இந்திய இசையின் முகவரிகளுள் ஒன்றாயிற்று.

விளம்பர இசை தந்த பயிற்சியைக் குறைத்து மதிப்பிடலாகாது. முப்பது நொடிகளுக்குள் கேட்போர் நெஞ்சில் ஒரு மெட்டைப் பதிக்க வேண்டும். வேண்டாத ஒரு சுரத்துக்கும் அங்கு இடமில்லை. 1992இல் 'ரோஜா' வழியாகத் திரைக்கு வந்த ரகுமான், முதற்படத்திலேயே தேசிய விருது பெற்றார். 'தமிழா தமிழா' என்னும் நாட்டுப்பற்றுப் பாடலும் அப்படத்தில் உண்டு. ஐந்தாண்டுகள் கழித்து வரவிருந்த தொகுப்பின் விதை அங்கேயே விழுந்திருந்தது எனலாம்.

ஆனால் அவர் பாடகர் அல்லர், இசையமைப்பாளர். 'பம்பாய்', 'காதல் தேசம்' ஆகிய படங்களில் அவர் குரல் ஒலித்ததுண்டு. என்றாலும் பாடகர்களுக்குப் பின்னே, இருட்டான கூடத்தில், இரவு முழுவதும் விழித்திருந்து ஒலிகளை அடுக்குபவர் என்பதே அவரைப் பற்றி மக்கள் கொண்டிருந்த படிமம். நேர்காணல்களிலும் ஓரிரு சொற்களோடு நிறுத்திக்கொள்ளும் இயல்பினர். அத்தகையவர் முகத்தையும் குரலையும் முன்னிறுத்தி ஒரு தொகுப்பை வெளியிடுவதென்பது துணிவான செயலே. திரைப்பாடல் தோற்றால் பழியைப் பகிர்ந்துகொள்ள இயக்குநர் உண்டு, நடிகர் உண்டு, கதை உண்டு. தனித்தொகுப்புக்கு அந்த நிழல் கிடையாது.

பொன்விழா ஆண்டு

1997 இந்திய விடுதலையின் பொன்விழா ஆண்டு. விளம்பரப்பட இயக்குநரும் ரகுமானின் நெடுநாள் நண்பருமான பரத்பாலா, இளைய தலைமுறைக்கென வந்தே மாதரத்தைப் புதிதாக்க வேண்டும் என்னும் எண்ணத்தை அவரிடம் முன்வைத்தார். அக்காலத்தில்தான் இந்தியாவில் காலூன்றத் தொடங்கியிருந்த சோனி இசை நிறுவனம் ரகுமானோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பன்னாட்டு நிறுவனம் என்பதால் மேலைநாட்டுப் பாப் பாடகர் ஒருவரோடு இணைந்து பாடும் வாய்ப்பு அவருக்கு எட்டாததன்று. அவர் தேர்ந்ததோ பாகிஸ்தானின் கவ்வாலிப் பேரிசைஞர் நுஸ்ரத் ஃபதே அலி கானை! பிரிவினையோடு வந்த விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில், எல்லையின் இருபுறத்துக் குரல்களும் அமைதி வேண்டி ஒரே பாடலில் இணைந்தன. 1997 ஆகஸ்டு 16ஆம் நாள், பொன்விழா நாளுக்கு மறுநாள், நுஸ்ரத் காலமானார்.

தொகுப்பின் தலைமைப் பாடலாகிய 'மா துஜே சலாம்' ரமலான் மாதத்தின் புனித இரவொன்றில், நள்ளிரவு கடந்த வேளையில் பதிவானது என்று பரத்பாலா கூறியுள்ளார். இந்திப் பாடலை மெஹபூப் எழுதினார். அதன் தமிழ் வடிவமான 'தாய் மண்ணே வணக்கம்' கவிஞர் வைரமுத்துவின் ஆக்கம். பரத்பாலா இயக்கிய காட்சிப்படம் நாட்டின் பல நிலங்களையும் முகங்களையும் காட்டியது. விரித்த தலைமுடியோடு பரந்த வெளியில் நின்று பாடும் ரகுமானைத் தொலைக்காட்சியில் கண்டபோதுதான், அதுவரை கேட்டிருந்த இசைக்கு ஒரு முகம் இருப்பதைப் பலர் அறிந்தனர்.

தெரிந்து தெளிவோம்

வங்க எழுத்தாளர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர் இயற்றிய 'வந்தே மாதரம்' பாடல், 1882இல் நூலாக வெளிவந்த 'ஆனந்த மடம்' புதினத்தில் இடம்பெற்றது. 1896இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டில் இதனை இரவீந்திரநாத் தாகூர் பாடினார். பாரதியார் இதனைத் தமிழாக்கம் செய்துள்ளார். 1950 ஜனவரி 24ஆம் நாள் இப்பாடலுக்கு நாட்டுப்பண்ணுக்கு இணையான மதிப்பு வழங்கப்பட்டது.

வந்தே, சலாம், வணக்கம்

'வந்தே மாதரம்' என்பது வெறும் பாடல் தலைப்பு அன்று. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் அது முழக்கமாயிற்று. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசிய நாள்களில் கடற்கரைக் கூட்டங்கள் அம்முழக்கத்தால் அதிர்ந்தன. பின்னாளில், தாயைத் தெய்வமாக உருவகித்து வழிபடும் பகுதிகள் குறித்து இசுலாமியர் சிலரிடையே தயக்கம் தோன்றியது. அதனை மதித்து 1937இல் காங்கிரசு முதலிரு பத்திகளை மட்டும் பாடுவதென முடிவெடுத்தது. இத்தனை வரலாற்றையும் சுமந்து நின்ற ஒரு தொடரைத்தான் முப்பது வயது இசுலாமியத் தமிழர் ஒருவர் தம் முதற்பெருந் தனித்தொகுப்பின் பெயராக்கினார். சறுக்கினால் இரு புறமும் அடிபடக்கூடிய இடம் அது.

புதிய பாடலின் சொல்லமைதியை உற்றுநோக்கினால் அந்தச் சிக்கல் அவிழ்க்கப்பட்ட நயம் புலப்படும். 'வந்தே' வடமொழிச் சொல். 'வணங்குகிறேன்' என்பது பொருள். 'சலாம்' அரபு வேரிலிருந்து வந்தது. அமைதியையும் வாழ்த்தையும் குறிப்பது. சலாம் வழிபாட்டுச் சொல் அன்று. மனிதர் மனிதருக்குக் கூறும் வாழ்த்து. அன்னைக்குச் சலாம் என்னும்போது பற்று நிற்கிறது, தயக்கம் நீங்குகிறது. இருவேறு மரபுகளின் சொற்கள் ஒரே பாடலில் ஒன்றையொன்று தள்ளாமல் அருகருகே அமர்ந்துள்ளன.

தமிழுக்கு வரும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. 'சலாம்' தமிழர் அறிந்த சொல்தான். ஆனால் பேச்சுவழக்கில் 'சலாம் போடுதல்' என்பது அதிகாரத்துக்கு முன் குனிதலைக் குறிக்கும். அச்சொல்லை அப்படியே எடுத்திருந்தால் பாடலின் பெருமிதம் சரிந்திருக்கும். தமிழ் வடிவம் 'வணக்கம்' என்றது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, இந்தியில் 'அன்னையே' என்றிருந்த விளி தமிழில் 'தாய் மண்ணே' என மாறியதாகும். தாய் என்னும் உருவகத்தோடு காலடி மண்ணும் சேர்ந்துகொண்டது. பிறந்த மண், சொந்த மண், மண்ணின் மைந்தர் என்று நிலத்தை உறவாக்கிப் பேசும் தமிழ் மனத்துக்கு இவ்விளி மிக நெருக்கமானது. மொழிபெயர்ப்பு மூலத்தைத் தொடர்ந்து செல்வது மட்டுமன்று, சில இடங்களில் அதனை நிலத்தில் ஊன்றி நடுவதும் ஆகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மொழி பற்றி இன்னுமொன்று கூற வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்த்து 1965இல் மாணவர் பெரும்போராட்டம் நடத்திய மாநிலம் தமிழ்நாடு. அம்மாநிலத்தில் 'மா துஜே சலாம்' தயக்கமின்றிப் பாடப்பட்டது. ஆணையாக வந்த மொழியை மறுத்த செவிகள், பாட்டாக வந்ததை மறுக்கவில்லை. தமிழ் வடிவமும் உடன் வந்ததால், எதனைப் பாடுவது என்பது பாடுவோரின் விருப்பமாயிற்று.

ஒற்றைக் குரலும் பெருங்கூட்டமும்

நாட்டுப்பற்றுப் பாடல்கள் பெரும்பாலும் குழுவாகப் பாடப்படுபவை. நடைபோடும் தாளத்தில் அமைபவை. வானொலி நிலையங்களில் நாள்தோறும் விடியலில் ஒலிக்கும் வந்தே மாதரமோ அமைதியானது, கேட்போர் எழுந்து நிற்கத்தக்க கண்ணியம் உடையது. ரகுமான் இவ்விரண்டையும் விடுத்து வேறு வழி சென்றார். அவர் பாடல் ஒரு தனிமனிதனின் அழைப்பாகத் தொடங்குகிறது. தொலைவில் இருப்பவரை வீட்டிலிருந்து கூவி அழைப்பது போன்ற குரல் அது.

பழந்தமிழிசை குரலின் எல்லைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தது. பாடலின் நடை இம்மூன்றையும் தொட்டுச் செல்கிறது. தன்னோடு தானே பேசுவதுபோல் தாழ்ந்து தொடங்கும் பாடல், படிப்படியாக உயர்ந்து, பல்லவியில் வலிவின் உச்சியை எட்டுகிறது. அவ்வுச்சியில் ரகுமானின் குரல் பயின்ற பாடகரின் குரல்போல் வழுவழுப்பாக இல்லை. சற்றே கீறலோடு, எட்டிப் பிடிக்க முயலும் முனைப்போடு ஒலிக்கிறது. தேர்ந்த பாடகர் ஒருவர் இதைவிடச் செம்மையாகப் பாடியிருக்கக்கூடும். ஆனால் அந்த முனைப்பு போயிருக்கும். பாடலின் உயிரும் அதனோடு போயிருக்கும்.

பல்லவியின் கட்டமைப்பும் கருதத்தக்கது. நீண்ட அடிகளைப் பாடகர் பார்த்துக்கொள்வார்; 'வந்தே மாதரம்' என்னும் இரு சொற்கள் மட்டும் கூட்டத்துக்கு உரியவை. மனப்பாடம் வேண்டாம், சுர அறிவு வேண்டாம். வயல் வேலையின்போதும் திருவிழாவின்போதும் ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றவர் பின்பாட்டு வாங்கும் நாட்டுப்புற மரபு தமிழருக்குப் புதிதன்று. புதிய மின்னணு ஒலிகளுக்கு அடியில் இருப்பது அந்தப் பழைய அமைப்பே.

இதனைக் கூறுவதால் தொகுப்பின் எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தன என்று கொள்ளவேண்டியதில்லை. அவற்றுள் சில இன்று ஆர்வலர் மட்டுமே கேட்பவை. மரபான மெட்டை மாற்றலாமா, நாட்டுப்பற்றைக் கடைச்சரக்கு ஆக்கலாமா என்னும் வினாக்களும் அந்நாளில் எழுந்தன. இரண்டாம் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. பொன்விழா ஆண்டில் வணிக நிறுவனங்கள் பலவும் மூவண்ணத்தைப் பூசிக்கொண்டன. எனினும் விற்பனைக்காகப் பிறந்த பிற படைப்புகள் அவ்வாண்டோடு முடிந்தன, இது முடியவில்லை.

ஊர்களை அடைந்த வழி

இணையம் பரவாத காலம் அது. ஒலிநாடாவே பாட்டின் ஊர்தி. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே அமைந்துள்ள பாடாலூர் போன்ற ஊர்களுக்குப் புதிய பாடல்கள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் சாலை வழியாகத்தான். பேருந்து ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த ஒலிப்பெட்டியும், தேநீர்க் கடையின் ஒலிநாடாக் கருவியும், பந்தல்காரரின் ஒலிபெருக்கியும் அன்றைய இசைப் பரப்புநர்கள். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அம்மண்ணில் 'தாய் மண்ணே' என்னும் விளி விடுதலை நாள் காலையில் பள்ளித் திடலின் ஒலிபெருக்கியிலிருந்து எழும்போது, அது சென்னையின் கூடமொன்றில் பிறந்த பாடல் என்பது எவர் நினைவிலும் இருப்பதில்லை.

திரைப்படம் சாராத இந்திய இசைத்தொகுப்புகளுள் மிகுதியாக விற்றவற்றில் ஒன்றாக 'வந்தே மாதரம்' எண்ணப்படுகிறது. அதனைத் தொடர்ந்து, குடியரசின் பொன்விழாவையொட்டி 2000இல் ரகுமானும் பரத்பாலாவும் 'ஜன கண மன' தொகுப்பை உருவாக்கினர். இந்தியாவின் பேரிசைஞர் பலர் அதில் பங்குகொண்டனர். 2002இல் இலண்டன் மேடையேறிய 'பாம்பே ட்ரீம்ஸ்' இசை நாடகமும், 2009இல் கிடைத்த இரு ஆஸ்கர் விருதுகளும் ரகுமானை உலகறியச் செய்தன. எனினும் அவர் எங்கு மேடையேறினாலும் நிகழ்ச்சியில் பெரிதும் எதிர்பார்க்கப்படும் பாடல்களுள் ஒன்று இதுவே.

2011 ஏப்ரல் 2ஆம் நாள் மும்பை வான்கடே திடலில் உலகக்கோப்பைத் துடுப்பாட்ட இறுதிப்போட்டி நடந்தது. இந்தியா வெற்றியை நெருங்கிய வேளையில் பல்லாயிரம் பேர் ஒரே குரலில் பாடத் தொடங்கினர். மேடையும் இல்லை, பாடகரும் இல்லை. அவர்கள் பாடியது 'வந்தே மாதரம்' என்னும் அவ்விரு சொற்களை. ரகுமான் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அமைத்த மெட்டில்.