லூப் பெடலில் தனிக் கச்சேரியா? முதல் சுற்றைக் கவனியுங்கள்!

வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் லூப் பெடலுடன் தனியாக மேடையேறுபவர்களுக்கு அடுக்குகளைக் கூட்டுவதைவிட முதல் சுற்றைத் துல்லியமாகப் பதிவதே முக்கியம். அதன் நீளம்தான் பின்வரும் அடுக்குகளுக்கெல்லாம் அளவு. பெடலைச் சற்றே தாமதமாக மிதித்தாலும் அந்தப் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப ஒலிக்கும். ஆகவே விரல்களோடு காலையும் மெட்ரோனோம் வைத்துப் பழக்குங்கள். பதிவை முடிக்க, அடுத்த சுற்றின் முதல் தட்டிலேயே மிதியுங்கள்.

அடுக்குகள் குறைந்தால் பாட்டு வெறுமையாகாதா என்று கேட்கலாம். 2004-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பாடகி கே.டி. டன்ஸ்டால் லூப் பெடலில் கிட்டார், தாளத்தட்டல், குரல் எனச் சில அடுக்குகளாலேயே கவனம் ஈர்த்தார். மாறாக, ஒரே சுருதி எல்லைக்குள் ஒலிகள் குவிந்தால் பாடும் குரல் அமுங்கிவிடும். தாளத்துக்கு ஒன்று, கீழ் ஸ்தாயிக்கு ஒன்று, மேல் ஸ்தாயிக்கு ஒன்று போதும். இடையில் லூப்பை நிறுத்தி, குரலை மட்டும் கேட்கவிடுங்கள். பாட்டு இன்னும் எடுபடும்.