பாயை விரித்துப் படுத்துக்கொள்

காவலூர்,
ஜவ்வாது மலை

அன்புள்ள கண்ணு,

முழுச் சூரிய கிரகணம் பார்க்க 2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி எகிப்தில் லக்சர் ஊருக்குப் போகிறாய் என்று உன் அப்பன் போனில் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

2019 டிசம்பர் 26 காலைக் கிரகணம் ஞாபகம் இருக்கிறதா? கோவை, ஈரோடு, திருச்சிப் பக்கம் வளையமாகத் தெரிந்தது. நம் மலையில் பிறையாகத்தான் தெரிந்தது. வாசல் புளியமரத்தடியில் மண்ணெல்லாம் சின்னச் சின்னப் பிறைகள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, சூரியனைத் தரையில் இறக்கி வைத்திருந்தது. மிதிக்க மனமில்லாமல் நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நின்றாய்.

அதைப் பார்த்ததை வைத்து இதை அளக்காதே. அன்றைய வளையம் எரியும் சூரியன்தான். கடைசிவரை கிரகணக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. முழுக் கிரகணத்தில் அந்தக் கடைசிப் பொட்டு வெளிச்சமும் மறைந்த பிறகு கண்ணாடியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றாவிட்டால் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. நடுவில் கரிய வட்டம், அதைச் சுற்றி வெண்பட்டுப் பிரிபிரியாய்ச் சூரியனின் கொரோனா. அதை வெறுங்கண்ணால் பார்க்கத்தான் இத்தனை தூரம் போகிறாய்.

எனக்கு நேர்ந்தது உனக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். 1980 பிப்ரவரி 16, பிற்பகல், ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு வயல்வெளி. முழு இருள் மூன்று நிமிடங்கூட இல்லை. இரவல் வாங்கிய கேமராவோடு நின்றேன். இருட்டியதும் சுற்றிலும் ஜனம் கூச்சல் போட்டது, கை நடுங்கியது, லென்ஸ் மேல் இருந்த கறுப்பு வடிகட்டியைக் கழற்ற மறந்து படம் படமாக எடுத்துத் தள்ளினேன். ஒன்றும் விழவில்லை. நான் நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தது பத்து விநாடி இருக்கலாம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பத்து விநாடிதான் என்னிடம் இருக்கிறது.

கேமரா வேண்டாம், கண்ணு. உன்னைவிட நன்றாகப் படம் எடுப்பவர்கள் அங்கே ஆயிரம் பேர் இருப்பார்கள்.

கழற்றுவதையும் போடுவதையும் மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள். பௌர்ணமி இரவில் மாடிக்குப் போ. வானத்தில் நிலா எவ்வளவு பெரிதோ, சூரியனும் ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்பார்ப்பதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுப் படு, கழற்று, மறுபடி போடு. இருட்டிலும் கை தடுமாறாத வரைக்கும் செய். பகலில் சூரியனை வைத்து இந்த ஒத்திகை வேண்டவே வேண்டாம். லக்சரில் நண்பகல் தாண்டிய நேரம், சூரியன் உச்சந்தலைக்கு அருகில் இருக்கும். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் மடக்குகிற பாய் ஒன்றை எடுத்துப் போ, விரித்துப் படுத்துக்கொள். ஆகஸ்ட் வெயில் அங்கே நாற்பது டிகிரியைத் தொடும், தண்ணீர், தொப்பி, குடை எதையும் மறக்காதே.

கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்டிருக்கிறதா பார். போட்டுக்கொண்டால் வீட்டு விளக்கு தெரியக் கூடாது. கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போடு. எக்ஸ்ரே பிலிம், சாணித் தண்ணீர் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அங்கே முழு இருள் 6 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்தரை நிமிடம் ஆனதும் குரல் கொடுக்க, கூட வருகிற ஒருவரைச் சொல்லி வை. ஓரத்தில் ஒளி முளைத்த கணமே கண்ணாடி கண்ணுக்கு ஏறிவிட வேண்டும்.

இங்கே வான் ஆய்வகத்தின் டூமில் இரவு வேலை பார்த்தவன் என்பதால் ஒத்திகையில் எனக்கு இவ்வளவு பிடிவாதம். 1977 மார்ச்சில் ஒரு பின்னிரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று நம் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கியது. அது யுரேனஸின் வளையம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் ஒருவர் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்திருந்தால் போயிருக்கும்.

செலவைப் பற்றி யாராவது பேசினால் வானியலாளர் ஜான்சனைச் சொல். 1868-இல் பிரான்சிலிருந்து குண்டூருக்கு வந்து கிரகணம் பார்த்தவர், 1871 டிசம்பர் கிரகணத்துக்கு மறுபடி கப்பலேறி நீலகிரியில் சோலூருக்கு வந்தார். கொரோனாவின் ஒளியில் சூரிய நிறமாலையின் கறுப்புக் கோடுகளை அவர் கண்டது அங்கேதான்.

உன் பாட்டி கிரகணத்தன்று வழக்கம்போல் மஞ்சள் தண்ணீர்த் தட்டில் உலக்கையை நிறுத்தி வைப்பாள். நிற்கும், அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். அதற்காக அவளோடு வாதாடாதே. அவளுக்கு நீ பத்திரமாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பும் முன் அவள் காலில் விழுந்து, கண்ணாடியை அவள் கண்ணில் வைத்து ஒருமுறை சூரியனைக் காட்டு.

அன்று சாயந்திரம் நம் மலையிலும் சூரியனில் ஒரு ஓரம் கடிபட்டுத் தெரியும். உனக்கு முழு இருள் முடிந்த பிறகுதான் எங்களுக்கு. ஆகஸ்ட் மேகம் விட்டால், தெருப் பிள்ளைகளைக் கூட்டிச் சல்லடையைப் பிடித்துத் தரையில் காட்டப் போகிறேன். அங்கே வெளிச்சம் திரும்பியதும் எனக்குப் போன் செய். படம் அனுப்ப வேண்டாம், பேசு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா