பெரிய பாதமும் பொருந்தும் செருப்பும்

கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ஒவ்வொரு பௌர்ணமிக்குப் பின்னும் இரண்டு மூன்று நாட்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்குப் பாதப் புண்ணுடன் பலர் வருவதைக் காண்கிறோம். வெறுங்காலுடன் நடந்து கொப்புளம் கண்டவர்கள் வருவதில் வியப்பில்லை. செருப்பு அணிந்தே புண்பட்டவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம்; பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. வலது பாதத்தின் சுண்டுவிரல் ஓரத்தில் புண்ணோடு வந்தார். பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதித்தபோது, தொட்ட பல இடங்களில் அவருக்கு உணர்வே இல்லை. மருந்து கொடுத்தோம், கட்டுப் போட்டோம், சர்க்கரையைக் குறைத்தோம். மூன்று வாரங்கள் சென்றும் புண் ஆறவில்லை. ஒரு நாள் அவரை வாசல் வரை அழைத்துச் சென்ற செவிலியர்தாம், அறைக்கு வெளியே அவர் கழற்றிவைத்திருந்த செருப்பைக் கவனித்தார். பாதத்தின் நீளம் 30 சென்டிமீட்டர். செருப்பின் எண்ணோ 10. அவருக்குப் பொருந்துவது ஏறத்தாழ 12.

“பத்துக்கு மேல கடையில வர்றதில்லைங்க. போடப் போட இளகிடும்னாங்க. அதுவும் இல்லாம, கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் கால்ல செருப்பு இருக்கிற மாதிரியே தெரியுது” என்றார்.

அவர் கடைசியாகச் சொன்னதில்தான் நோயே அடங்கியிருக்கிறது. உணர்வு குன்றிய பாதத்துக்குச் சரியான அளவுச் செருப்பு தளர்வாகத் தோன்றும். அதனால் நோயாளி தாமே சிறிய செருப்பைத் தேர்ந்துகொள்கிறார். இறுக்கமான வார் தோலை மெல்லத்தான் அழுத்துகிறது. ஆனால் அம்மெல்லிய அழுத்தம் மணிக்கணக்கில் நீடிக்கும்போது தோலுக்குள் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, அவ்விடம் செத்துப்போகிறது. உணர்வுள்ளவர் பத்து நிமிடத்தில் செருப்பைக் கழற்றி எறிந்திருப்பார். இவர் மாலை வரை அணிந்திருந்தார். நாங்களோ மூன்று வாரம் புண்ணைப் பார்த்தோம், செருப்பைப் பார்க்கவில்லை.

இந்தப் பாடம் நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் நேரும் காயங்களாலேயே அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். அவரும் உடன் உழைத்தவர்களும் வேலூரிலும் கரிகிரியிலும் செய்த பணியின் வழியே, நுண்துளை இரப்பர் பதித்த மென்மையான செருப்புகள் பரவின. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதித் தரும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ அதுவே.

பெரிய பாதம் உடையவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் கடைகளில் வழங்கும் எண்கள் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவுமுறை. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் மேலைநாட்டார் பாதத்தைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்தது. ஆகவே நீளம் பொருந்தினாலும் முன்பாதம் நெருக்கப்படலாம். பெண்களுக்கு இது இன்னும் கடினம். கூர்முனைச் செருப்புக்குள் விரல்களைத் திணிப்பதைவிட, ஆண்களுக்கான செருப்பைக் கேட்டு வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

எண்ணை நம்பாமல் பாதத்தை அளந்துகொள்ளுங்கள். மாலையில் அளப்பது நல்லது. பகல் முழுதும் நடந்தும் நின்றும் பாதம் சற்று வீங்கியிருக்கும் வேளை அது. தரையில் தாளை விரித்து, அதன்மேல் முழு எடையும் ஊன்றி நின்று, வேறொருவரை விட்டுப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரு பாதங்களையும் வரையுங்கள். அவை ஒரே அளவாக இருப்பது அரிது. பெரியதற்கே வாங்க வேண்டும். வரைந்ததை வெட்டியெடுத்து, கடையில் செருப்பின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். தாள் எங்கேனும் மடங்கினாலோ வெளியே நீட்டினாலோ அச்செருப்பு உங்களுடையதன்று. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்பதை நினைவிற் கொள்க. ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். “ஒரு நம்பர்தானே” என்று குறைத்து வாங்குவது சிறு பிழையன்று. (பனிமலையில் சறுக்கி விளையாடுவோரின் கடினமான பூட்ஸுகளில் பாதத்தின் நீளத்தையே சென்டிமீட்டரில் எண்ணாகப் பொறிக்கிறார்கள். எல்லாச் செருப்புகளுக்கும் அம்முறை வந்தால் நன்றாயிருக்கும்.)

அதற்காக இரண்டு எண் கூட்டி வாங்குவதும் தவறே. பாதம் உள்ளே வழுக்கி உராய்ந்து கொப்புளம் கட்டும். கட்டைவிரலிடுக்கில் மாட்டும் செருப்பு, உணர்வற்ற பாதத்துக்கு ஆகாது. விரலிடுக்கு புண்ணாகும், கழன்று விழுந்தாலும் தெரியாது. குதிகாலைச் சுற்றி வார் இருக்கட்டும். முன்வார்கள் கூட்டவும் குறைக்கவும் கூடியவையாக இருக்கட்டும். அடியில் ஆணி அடிக்கக் கூடாது. உங்கள் அளவு கடையில் இல்லையெனில், வரைந்த தாளைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதே சிறந்த வழி. செங்கத்து விவசாயிக்கும் அப்படித்தான் செய்வித்தோம். அதன் பின்னரே புண் ஆறத் தொடங்கியது.

புதுச் செருப்பை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டிலுள்ளோர் பார்க்க வேண்டும். கண்ணாடியைத் தரையில் வைத்தும் பார்க்கலாம். சிவப்பு இருபது நிமிடத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அச்செருப்பை மாற்றுங்கள்.

கிரிவலம் பற்றிக் கேட்பவர்கள் பலர். மலையைச் சுற்ற வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. ஆனால் பாத உணர்வு குன்றியவர்கள் வெறுங்காலுடன் சுற்றுவதற்கு எங்களால் இசைய முடியாது, பகல் வெயிலில் ஒருபோதும் முடியாது. செருப்பணிய மனம் ஒப்பாதவர்கள் வண்டியில் வலம் வருவதே நலம். கோயில் வாசலில் கழற்றிவைத்த செருப்பு காணாமற்போனால் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழக்கமும் நம் ஊரில் உண்டு. பெரிய பாதம் உடையவருக்கு அந்த ஒரு நடையே போதும், புண் வர. பையொன்று கொண்டுசென்று, செருப்பை அதிலிட்டு உடன்வருபவரிடம் கொடுத்துவையுங்கள்.

அடுத்த முறை எங்களைப் பார்க்க வரும்போது, மரியாதை கருதிச் செருப்பை அறைக்கு வெளியே விட்டுவராதீர்கள். வழக்கமாக அணிவதையே, தேய்ந்திருந்தாலும், உள்ளே கொண்டுவந்து எங்கள் மேசைமுன் வையுங்கள்.