மண்டபத்துக்கு டச் பேனல் வேண்டுமா?

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு மண்டபத்துக்கு ஒலி ஒளி சாமான் பொருத்தப் பேசப் போனால், நிர்வாகக் குழுவில் ஒருவராவது கேட்டுவிடுவார்: “தம்பி, ஹோட்டல்ல இருக்கிற மாதிரி ஒரு டச் பேனல் போட்டுரலாமா?” போடலாம்; எனக்கும் வருமானம்தான். ஆனால் விலை பேசுமுன் நான் ஒன்று கேட்பேன்: இந்த அறையை யார் திறக்கிறார்கள், யார் பூட்டுகிறார்கள்?

கடைவீட்டு மேல்மாடியில் ஒரே ஆசிரியர் நடத்தும் டியூஷன் வகுப்பு என்றால் பேச்சே வேண்டாம். கேபிள் செருகியதும் சிக்னலை உணர்ந்து தானே மாறும் ஸ்விட்சர் போதும். எச்டிஎம்ஐயில் உள்ள சிஇசி வசதி வழியாக அதுவே டிவியையும் எழுப்பிவிடும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வாங்குமுன் இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

பொது மண்டபம் வேறு. இந்த வாரம் திருமணம், அடுத்த வாரம் தேவாரப் போட்டி, அதற்கடுத்து சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். ஒவ்வொன்றுக்கும் புதுத் தொண்டர்கள். திரையை இறக்கி, கூரையிலிருக்கும் புரொஜெக்டரைப் போட்டு, சரியான கணினியைத் தேர்ந்து, முன்வரிசை விளக்கைக் குறைக்க வேண்டும். அதைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். பூட்டும்போதுதான் வினை. லேம்ப் புரொஜெக்டரை அணைத்த பிறகும் விசிறி சற்று நேரம் ஓடிச் சூட்டைத் தணிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டால் லேம்பின் ஆயுள் குறையும். இப்படிப்பட்ட இடத்தில்தான் எல்லாக் கருவிகளையும் ஒன்றாக இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு காசுக்கு வேலை செய்கிறது. ‘நிறுத்து’ என்று ஒரு பொத்தான். எதை எப்போது அணைப்பது என்ற வரிசையை அது பார்த்துக்கொள்ளும்.

கவனியுங்கள், பொத்தான் என்றேன். சந்தனமும் குங்குமமும் ஒட்டிய விரல்களுக்குக் கண்ணாடித் திரை ஒத்துவராது. சுவரில் ஆறு பொத்தான் போதும், தமிழில் எழுதியே: படம், பேச்சு, நிறுத்து என்பதுபோல.

அமைப்பு புரொஜெக்டரோடு எப்படிப் பேசும் என்பதை, புரொஜெக்டர் வாங்குமுன்பே யோசிக்க வேண்டும். அகச்சிவப்பு ரிமோட் சிக்னல் ஒருவழிப் பாதை. போடவும் அணைக்கவும் ஒரே சிக்னல் என்றால், ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் அமைப்பே அணைத்துவிடும். பதில் சொல்லும் கருவியாகக் கேளுங்கள். 1960இல் வந்த ஆர்எஸ்-232 கம்பி இணைப்பு இன்றும் நம்பகமானது. நெட்வொர்க் வழி என்றால் புரொஜெக்டர்களுக்கான பொது நெறிமுறையான பிஜேலிங்க். எப்சன், பானாசோனிக், என்இசி எல்லாவற்றிலும் அதை ஏற்கும் மாடல்கள் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடியை நினைத்து, மின்கம்பிக்கு மட்டுமன்றி நெட்வொர்க் கம்பிக்கும் மின்னல் தடுப்பு போடச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: கட்டுப்பாட்டு அமைப்பின் புரோகிராம் மூலக் கோப்பு மண்டபத்துக்குச் சொந்தம். அது கையில் இல்லாவிட்டால், பொருத்தியவர் கடையை மூடிய பிறகு ஒரு பொத்தானின் வேலையை மாற்றக்கூட எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டிவரும். அமைப்பு பழுதானால் கைகொடுக்க, பழைய ரிமோட்டுகளையும் பெயர் ஒட்டி அலமாரியில் வையுங்கள்.

மைக்கை மட்டும் நான் இந்த அமைப்போடு கட்டுவதில்லை. அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர், தனி சுவிட்ச். பேனல் செத்தாலும் தலைவர் பேசாமல் விடமாட்டார்.