உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்காமலிருக்க

மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டுக்கும் சிம் கார்டுக்கும் ஆதார், பான் ஜெராக்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஒன்று கைமாறினாலும் ஆபத்து.

1. ஜெராக்ஸின் குறுக்கே காரணம், தேதி எழுதிக் கையெழுத்திடுங்கள். வேறிடத்தில் நீட்டுவது கடினம்.

2. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் ஆண்டுக்கொரு முழுக் கடன் அறிக்கை இலவசம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம்.

3. வங்கியில் உங்கள் கைபேசி எண்ணைப் புதுப்பியுங்கள். உங்கள் அறிக்கையைக் கடன் நிறுவனம் எடுத்தால் எச்சரிக்கை அந்த எண்ணுக்குத்தான் வரும்.

4. அறிக்கையில் வாங்காத கடன் தெரிந்தால் அன்றே கடன் நிறுவனத்திடமும் அறிக்கை தந்த நிறுவனத்திடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

5. காவல் நிலையத்திலும் சொல்லி ரசீது வாங்குங்கள், பின்னால் வாதாட அது வேண்டும். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.