சுவர் வியர்க்காத வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

வரைபடம் கிடைத்தது. அலுமினியச் சட்டம், இரண்டு அங்குல ஃபோம், பெரிய கூரைச் சன்னல். வெல்டிங் கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உன் வாடிக்கையாளர் இந்தக் கேம்பர் டிரெய்லரைப் பிப்ரவரியில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் இழுத்துப் போகப்போகிறார். கனடாவின் யூகானில் டாசன் அருகே தொடங்கி இனுவிக் வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் சரளைச் சாலை. ஈகிள் பிளெய்ன்ஸ் வரும்வரை, முதல் 369 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடைக்காது. அங்கே மைனஸ் 40 யாருக்கும் செய்தியல்ல. அதே யூகானின் ஸ்னாக்கில் 1947 பிப்ரவரியில் மைனஸ் 63 பதிவாகியிருக்கிறது.

உன் குறிப்புகள் முழுக்கக் குளிரைத் தடுப்பது பற்றியே இருக்கின்றன. எனக்குக் கவலை ஈரத்தைப் பற்றி.

இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் மூச்சாகவே வெளியே வரும். உள்ளே புரோப்பேன் அடுப்பை எரித்தால், எரியும் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிலோ நீராவி. அத்தனையும் வண்டியின் மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வியர்ப்பதுபோலச் சுவர் வியர்க்கும், பிறகு உறையும். ஹீட்டர் போட்டதும் உருகிப் பிளைவுட்டுக்குள் இறங்கும். அலுமினியம் ஃபோமைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பம் கடத்தும். ஃபோமை எவ்வளவு தடிமனாக வைத்தாலும், உள்ளிருந்து வெளியே ஊடுருவும் ஒரு சட்டம் அதை வீணாக்கிவிடும். திருகுத் தலைகளும் அப்படித்தான்.

இது புதுச் சிக்கலும் இல்லை. 1893-இல் வடதுருவப் பனிக்கடலுக்குப் புறப்பட்ட துருவ ஆய்வாளர் நான்சென், ஃப்ராம் கப்பலின் அறைச் சுவர்களில் தார் பூசிய கம்பளம், தக்கை, பலகை என்று அடுக்கினார். உள்பக்கப் பலகைக்குச் சற்றுப் பின்னால் காற்றுப் புகாத லினோலியம். அறையின் சூடான ஈரக் காற்று குளிர்ந்த அடுக்குகளுக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். கூரைச் சன்னலுக்கு மூன்று கண்ணாடிகள். 'எல்லாப் பருவத்துக்கும்' என்று விளம்பரம் ஒட்டி இன்று விற்கப்படும் பல வண்டிகளில் இந்த அக்கறை இல்லை.

ஆகவே சட்டத்தை விட்டுவிடு. இருபுறமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டிய ஃபோம் பலகைகளைப் பசையாலேயே இணை. கடுங்குளிரில் பாலிஐசோ ஃபோமின் தடுப்புத்திறன் குறையும், எக்ஸ்.பி.எஸ். ஃபோமே மேல். மெத்தைக்கு அடியில் காற்றோட, இடைவெளி விட்ட கட்டைகள் போடு. காற்றுத் துளைகள் இரண்டு, தாழ ஒன்று, உயர ஒன்று, மூட முடியாதபடி. குளிர் தாங்காமல் மனிதர்கள் அதில் துணியைத் திணிப்பார்கள். கைக்கு எட்டாமல் வை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் வண்டியை ஒப்படைக்காதே.

புரோப்பேனை நம்பாதே: மைனஸ் 42-க்குக் கீழே அது ஆவியாகாமல் சிலிண்டரிலேயே திரவமாகக் கிடக்கும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் போதும். கோடைக்கால டீசல் மெழுகாகிவிடும், ஆர்க்டிக் டீசல் ஊற்றச் சொல். லித்தியம் பேட்டரியைப் படுக்கைப் பக்கம், உள்ளேயே வை. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ரப்பர் டார்ஷன் குளிரில் விறைக்கும், இலை வில்லே போடு.

கூரைச் சன்னல் அழகுதான், ஆனால் இந்த வண்டிக்கு வேண்டாம். வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் கையகலத்துக்கு மேல் போகாதே, கண்ணாடியும் மூன்றாக இருக்கட்டும்.

அலமாரிகளைப் பொருத்துமுன் ஒரு சோதனை செய். மைனஸ் 20 அடிக்கும் இரவில் கெட்டிலைக் கொதிக்கவிட்டு, கதவைச் சாத்தி உள்ளேயே தூங்கு. காலையில் பனி பிடித்த ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் வட்டமிட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பு. கதவுக் கீல்களையும் மெத்தையின் அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணன்