கோதுமையை நிறுத்தியும் வயிறு அடங்கவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. ராயபுரத்தில் இருக்கிறோம். கணவர் எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒரு வருஷமாக வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எடையும் குறைந்துகொண்டே வந்தது. எண்டோஸ்கோப்பி செய்து, குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்து, ‘சீலியாக் நோய், இனி கோதுமை, மைதா, ரவை தொடக்கூடாது’ என்றார்கள். நாலு மாதமாக சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட் எதையும் தொடவில்லை. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டேன். முதல் இரண்டு வாரம் உடம்பு லேசாக இருந்தது. அப்புறம் முன்னைவிட மோசம். வயிறு கல் போல உப்புகிறது. மூன்று நாள் மலச்சிக்கல், நாலாம் நாள் பேதி. கை கால் ஓய்ந்துபோகிறது. காலையில் இட்லி, சாம்பார். பத்து மணிக்குப் பாலில் மால்ட் பவுடர். மதியம் சோறு, ரசம், மீன் குழம்பு. ராத்திரி மெஷினில் அரைத்து வந்த கேழ்வரகில் தோசையோ களியோ. ஞாயிறு பூசையில் நன்மை வாங்குவேன். ‘கோதுமையை நிறுத்தினதாலதான் தெம்பு போச்சு, பழையபடி சாப்பிடு’ என்கிறார் மாமியார். சாப்பிடலாமா, டாக்டர்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. ஆனால் உங்கள் மாமியார் பார்த்தது பொய்யில்லை. தெம்பு போனது உண்மை. அதற்குக் கோதுமையை நிறுத்தியது காரணமா, கோதுமை இன்னும் நிற்காதது காரணமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கோதுமையில் தெம்பு இருக்கிறது என்பது சீலியாக் இல்லாதவர்களுக்குத்தான் பொருந்தும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பெரும் பஞ்சம். ஊரே மெலிந்த அந்தக் காலத்தில் இந்த நோய் இருந்த குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்து, 1950-ல் தம் ஆய்வேட்டில் கோதுமைதான் காரணம் என்று நிறுவினார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சீலியாக் உள்ளவரின் உடம்பு தன் சிறுகுடலையே தாக்குகிறது. உள்சுவரில் நாற்று நட்டதுபோல நிற்கிற குடலுறிஞ்சிகள் மொட்டையாகின்றன. சாப்பிட்டது ஒட்டுவதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பத்து மணி டம்ளர். மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டி வறுத்த பார்லி. பல மால்ட் பானங்களில் கோதுமை மாவும் சேர்ந்தே இருக்கும். தெம்புக்காக நீங்கள் குடிப்பது நாலு மாதப் பத்தியத்தைத் தினமும் கலைத்துக்கொண்டிருக்கிறது. இன்றே நிறுத்துங்கள்.

அடுத்து, அடுப்படிக்குப் போய் பெருங்காய டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் காரமான பிசின், அப்படியே பயன்படுத்துவது சிரமம். அதனால் கருவேலம் பிசினோடு மாவும் சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். அந்த மாவு பல நேரம் மைதா, சிலவற்றில் அரிசி மாவு. கட்டியோ தூளோ, இதில் வித்தியாசமில்லை. சாம்பாரிலும் ரசத்திலும் ஒரு சிட்டிகைதானே என்று தோன்றும். சிட்டிகை சின்னதுதான், ஆனால் அது தினம் இரண்டு வேளை விழுகிறது. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் கெடும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியை ஐம்பது துண்டாகப் பிய்த்தால் ஒரு துண்டில் இருக்கும் அளவு அது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைத்தால் வாங்குங்கள். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டிருந்தால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். கிடைக்காவிட்டால் கொஞ்ச நாளைக்குப் பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வையுங்கள்.

கேழ்வரகு நல்ல தானியம். உங்களைக் கெடுப்பது அது அரைபடுகிற இடமாக இருக்கலாம். மெஷினில் நின்று பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை கொடுத்திருப்பார். அவர் தூக்கு நிறைந்ததும், வாயில் கட்டிய துணிக்குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டு, உங்கள் கேழ்வரகை மேலே கொட்டுவார்கள். முதலில் உங்கள் பாத்திரத்தில் விழும் வெளுத்த மாவு யாருடையது? கல்லிலும் துணியிலும் ஒட்டியிருந்த கோதுமைதான் அது. பல இடங்களில் மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருப்பார்கள், கேழ்வரகுக்கும் கோதுமைக்கும் ஒன்றுதான். கேழ்வரகைக் கழுவி ஊறவைத்து வீட்டு கிரைண்டரில் ஆட்டி தோசை ஊற்றுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடுகிற கல்லும் உங்கள் தோசைக்கல்லும் ஒன்றாக இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். கஞ்சி மாவு பாக்கெட், கடை ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ் இரண்டிலும் கோதுமை ஒளிந்திருக்கும்.

நன்மை வாங்குவதைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. பலர் இதை டாக்டரிடம் சொல்லவே கூச்சப்படுவார்கள். பூசையில் நன்மையாகத் தரும் அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும்தான். முழுக்கக் குளூட்டன் இல்லாத அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை 2003-லேயே வத்திக்கான் அனுமதித்திருக்கிறது. திராட்சை ரசத்தை மட்டும் பெறுவதும் முழுமையான நன்மைதான். பங்குத்தந்தையிடம் பேசுங்கள். வாரம் ஒரு சின்ன அப்பம் உங்கள் வயிற்றை இந்தப் பாடு படுத்தியிருக்காது. இருந்தாலும் அதற்கும் ஒரு வழி இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

பாலையும் சந்தேகிக்கிறேன். பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி, குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்திருக்கும்போது பால் செரிக்காமல் கீழே போய்ப் புளித்து, வாயுவாகி உப்பும். ஆறு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். புளித்த மோர் கொஞ்சம் ஒத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்குக் கவலை வேண்டாம். காசிமேடு பக்கத்திலிருந்துகொண்டு நெத்திலிக்குப் பஞ்சமா? முள்ளோடு மென்று சாப்பிடுங்கள். குடல் ஆறிய பிறகு பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும்.

மலச்சிக்கலுக்குக் காரணம் நார்ச்சத்துக் குறைவாக இருக்கும். வெள்ளைச் சோறும் இட்லியுமாகவே நாள் போகிறது, கடிதத்தில் ஒரு காய்கூட இல்லை. கீரை, அவரை, வாழைத்தண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் தட்டு நிறைய வேண்டாம், இன்னும் உப்பும். அசதிக்கு ஹீமோகுளோபின், இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குடல் சரியாக இல்லாதபோது மாத்திரையும் சரியாக ஒட்டாது. இரும்பை ஊசியாக ஏற்ற வேண்டிவரலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். குடல் துண்டைப் பார்த்து நோயைச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘டி.டி.ஜி’ ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது செய்திருந்தால் நல்லது. செய்யாமல் விட்டிருந்தால், நோயே வேறாக இருக்கலாம். டாக்டர் பாலகிருஷ்ணன் ராமகிருஷ்ணா தலைமையில் நடந்து 2016-ல் வெளியான சீலியாக் ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டரைப் பேருக்கு சீலியாக். வேலூர்ப் பக்கம் பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். வடக்கே நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்கள், இங்கே 25 கிராம். நமக்கு இந்த நோய் வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கம் மொட்டைக் குடலைக் கண்டதும் சீலியாக் என்று முடிவு கட்டக் கூடாது. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ‘ஸ்ப்ரூ’ கொள்ளைநோயாகப் பரவியதை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர்கள் செல்வின் பேக்கரும் மாத்தனும் ஆராய்ந்தார்கள். அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும், பேதியும் ரத்தசோகையும் வரும். அதற்கு மருந்து ஃபோலிக் அமிலம், பி12, சில மாத டெட்ராசைக்ளின் வகை மாத்திரை. கோதுமையை எத்தனை வருஷம் நிறுத்தினாலும் ஸ்ப்ரூ ஆறாது. ஜியார்டியா கிருமியும் குடல் காசநோயும்கூட இப்படி வேஷம் போடும்.

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்சி ரிப்போர்ட், அப்போது எடுத்த ரத்த ரிப்போர்ட் மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிற ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் இரைப்பைப் பிரிவுக்குப் போங்கள். டி.டி.ஜி அப்போதே எடுத்து உயர்ந்திருந்தால் நோய் சீலியாக்தான். இன்னொரு முறை எடுத்தால், அது இறங்கியிருக்கிறதா என்பதை வைத்து சமையலறையில் ஓட்டை உண்டா என்று தெரியும். எடுக்கவே இல்லையென்றால், நாலு மாதப் பத்தியத்துக்குப் பிறகு ‘இல்லை’ என்று வருவதை அப்படியே நம்ப முடியாது. அப்போது மரபணுப் பரிசோதனை உதவும். சீலியாக்குக்கு வழிவிடும் மரபணு இல்லையென்றால் அந்த நோய் அநேகமாக இல்லை. இருந்தால் மட்டும் எதுவும் உறுதியாகாது, அந்த 2016 ஆய்வில் நம் பக்கத்து மக்களில் நூற்றுக்கு 36 பேருக்கு அது இருந்தது. அப்படிக் குழப்பம் நின்றால், டாக்டரே சில வாரம் கோதுமை சாப்பிடச் சொல்லி மறுபடி சோதிப்பார். மாமியார் சொல்கிற சப்பாத்தியை அன்று சாப்பிடுங்கள், அதுவரை தொடாதீர்கள்.

தூக்கத்தில் எழுப்புகிற பேதி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், கால் வீக்கம், விரல்கள் இழுத்துக்கொள்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.